கோச்சி வராத ஸ்டேஷனில் குடித்தனம்

போன கிழமை நம்ம பள்ளிக்கூட குரூப்பில் யாரோ அந்தப் பழைய ரயில்வே ஸ்டேஷனின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். "என்னா அழகு", "இத இடிக்க விடக்கூடாது", "நம்ம டவுனுக்கே இதுதான் பெருமை" என்று ஆளுக்கொரு வசனம். வாசித்து வாசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கண்ணாடி போடாமல் போனில் எழுத்துத் தெரியாத வயதுக்கு நாமெல்லாம் வந்தாச்சு. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அந்த அழகுக்குள்ளே ஒரு மழைக்காலம் முழுக்கக் குடியிருந்தவள் நான். உங்களில் சிலருக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்காமல் விட்டீர்கள், அதற்கு நன்றி. இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

அழகில்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் ரப்பருக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில் கட்டினானாம், நம்ம டவுனின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெருசு. முகப்பில் ஆள் உயரத்தைப்போல இரண்டு மடங்கு உயரமான செங்கல் வளைவுகள். நடுவே முக்கோணமாக எழும்பிய சுவர், அதில் மணிக்கூடு இருந்த இடத்தில் ஒரு வட்டப் பொந்து, பொந்துக்குள்ளே புறா. பிளாட்பாரத்துப் பக்கம் இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் இரும்பிலேயே வார்த்த இலை. கூரை ஓரம் முழுக்க சீப்புப் பல் மாதிரி வெட்டிய பலகை. மூன்றாம் வகுப்பு ஹாலுக்கு மேலே கூரையைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, எஞ்சின் புகை வெளியே போவதற்கு வழி விட்டிருந்தான். அந்தக் கண்ணாடி எல்லாம் எப்போதோ உடைந்துபோயிருந்தது. புகை போவதற்கு விட்ட வழியால் மழை வந்தது. அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னல்கள்கூட வகுப்புப்படிதான். முதலாம் வகுப்புக்குப் பித்தளைக் கம்பி போட்ட அகலமான ஜன்னல், நிமிர்ந்து நின்று பேசலாம். மூன்றாம் வகுப்புக்குச் சுவரில் ஒரு ஓட்டை. வளர்ந்த ஆள் குனிந்துதான் காசை நீட்ட வேண்டும். தோட்டத்து ஆட்களின் முகத்தைப் பார்க்க அந்த வெள்ளைக்காரனுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது.

ஆனால் அந்த டவுனே அந்த ஸ்டேஷனால்தான் வந்தது. பெரிய கடைவீதி நேராக வந்து அதன் வாசலில்தான் முடியும். கடைகள் எல்லாம் அதைப் பார்த்தபடிதான் இருக்கும். ஸ்டேஷனுக்கு நேரெதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அந்தக் கடைக்கார முஸ்லிம் நாநா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்வார்.

"எங்கட வாப்பா இந்தக் கடய கட்டக்கொள கோச்சியால எறங்கின ஆளுக்கு நிக்க எடம் இல்லயாம். இப்ப பாருங்க, ஊரே அங்கால திரும்பிட்டு. பஸ் ஸ்டாண்டப் பாத்துட்டு எங்களுக்கு முதுகக் காட்டிட்டு ஈக்கிது."

உண்மைதான். நாம் பிறக்கும் முன்பே கோச்சியை நிறுத்தி, தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஓப்பநாயக்க பஸ்ஸும் கஹவத்தை பஸ்ஸும் நிற்கிற பக்கம் புதுக்கடைகள் முளைத்தன. ஸ்டேஷன் வீதியில் பாதிக் கடைகள் பலகை போட்டு மூடியே கிடந்தன. வேறொருவராக இருந்தால் அதைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பார். எங்கள் அப்பா வேறொருவர் இல்லையே.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். தோட்டத்தில் பேர் பதிந்த ஆள். லயத்து வரிசையில் எங்களுக்கு ஒரு காம்பரா இருந்தது, ஒற்றை அறை, ஒழுகினாலும் எங்களுடையது. அம்மாவும் பால் வெட்டினாள். நான் ஐந்தாம் வகுப்பு, தம்பி தவழ்கிற பிள்ளை. அந்த வருஷம் எலெக்‌ஷன் வந்தது. அவிசாவளை வரைக்கும் கோச்சியின் சின்னப் பாதையை எடுத்துவிட்டுப் பெரிய பாதை போடுகிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. அடுத்தது இரத்தினபுரி, அதற்கடுத்தது நம்ம டவுன் என்று கட்சி ஆர்கனைசர் ஒருவர் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லோரும் கைதட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். அப்பா மட்டும் அவர் பின்னாலேயே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து போய் விவரம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஸ்டேசன்லயே இருக்கிற ஆளுக்குத்தான் மொத வேலையாம் புள்ள," என்று அம்மாவிடம் சொன்னார். "போட்டர் வேல. அரசாங்க வேல. பென்சன் இருக்கு."

"கோச்சி வரட்டுங்க. வந்த பொறகு போவோம்."

"வந்த பொறகு போனா ஊர்ப்பட்ட ஆளு நிப்பான். இப்பவே போயி நிக்கணும். ஆர்கனைசர் மாத்தயாவே சொன்னாரு."

"அவரு சொந்த வாயால சொன்னாரா, எலெக்‌ஷன் வாயால சொன்னாரா?"

அடுத்த கிழமை அப்பா தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வேலையை விட்டார். கணக்கப்பிள்ளை இரண்டு முறை கேட்டாராம், "யோசிச்சுத்தான் செய்யிறியா?" என்று. யோசித்துத்தான் செய்தார், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. யோசிக்காமல் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

அம்மா தன் பேரை வெட்டவிடவில்லை. "நீங்க போட்டராகுங்க. நான் பால் வெட்டுறேன்," என்றாள். லயத்துக் காம்பராவைப் பூட்டிவிட்டு, டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், அம்மிக்கல், தம்பியின் தொட்டில் சீலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். தினமும் விடிய முன்னே எழும்பி மூன்று கட்டை தூரம் நடந்து தோட்டத்துக்குப் போய், மத்தியானம் திரும்பி வருவாள். அப்பா காக்கிச் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தைக் கூட்டுவார். கோச்சி வராத பிளாட்பாரத்தில் குப்பை எங்கிருந்து வரும்? பலா இலைகளும் புறா எச்சமும்தான். அதைக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கூட்டினார்.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சிங்கள ஆள், பின்பக்கம் குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். வடக்குப் பக்கம் நிறைய வருஷம் வேலை செய்தவர் என்பதால் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுவார். நம்மில் யாரும் அப்படிப் பேசக் கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வரும். மாஸ்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் நாள் அப்பா சாமான்களை இறக்கியபோது அம்மா முதலாம் வகுப்பு ஆட்கள் தங்குகிற அறையைப் பார்த்தாள். தடித்த தேக்குக் கதவு, பெரிய பித்தளைப் பூட்டு. அதற்கு மேலே மட்டும் ஓடு ஒன்றுகூட விலகவில்லை.

"இதுக்குள்ள இருக்கலாமுங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"உது முதலாம் வகுப்பு ஆக்களுக்கு," என்றார் மாஸ்டர். "நீங்கள் மூண்டாம் வகுப்பு ஹோலில இருங்கோ."

அம்மா பிளாட்பாரத்தின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். புல் மேய்கிற ஒரு மாட்டைத் தவிர யாருமில்லை. "எந்த ஆக்களுக்குங்க?" என்றாள்.

மாஸ்டர் ஐயாவுக்குக் கோபம் வருவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "சரிங்க ஐயா. அவளுக்குத் தெரியாது. நாங்க ஹால்லயே இருக்கிறோமுங்க."

இருந்தோம். முதலில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த ஹாலில் ஒரு முறை கத்தினால் மூன்று முறை கேட்கும். சரக்கு அறையில் ஒரு பெரிய தராசு இருந்தது, அதன் பலகையில் ஏறி நின்றால் முள் இன்னமும் ஆடும். நானும் தம்பியும் தினமும் ஏறி நிறை பார்த்தோம். பூட்டிய கதவின் சாவித் துவாரம் வழியாக முதலாம் வகுப்பு அறையையும் பார்ப்பேன். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. பிரம்பு நாற்காலிகள். மூக்கை வைத்தால் மெழுகு வாசம். மாஸ்டர் ஐயா ஒவ்வொரு நாளும் சாவியோடு வந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அதைத் துடைத்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு போவார்.

போலீஸ்காரர்கள் இரண்டு முறை வந்து, தமிழ் ஆட்கள் எதற்கு ஸ்டேஷனில் இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். ஆர்கனைசர் பேரைச் சொன்னதும் போய்விட்டார்கள். எலெக்‌ஷனுக்கு முன்னே அந்த ஆர்கனைசர் ஆட்களோடு வந்து, முகப்பு வளைவுகளுக்கு மட்டும் வெள்ளையடிக்கச் சொன்னார். அங்கே மேடை போட்டுக் கூட்டம் வைத்தார்கள். வெள்ளையடித்தது யார் என்று கேட்கிறீர்களா? எங்கள் அப்பாதான். கூட்டத்தன்று எங்களைப் பின்பக்கம் போய் இருக்கச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் கோச்சி வந்துகொண்டே இருந்தது. நாங்கள் கக்கூஸ் பக்கத்தில் அடுப்பை மூட்டிக்கொண்டு அதைக் கேட்டோம்.

பிறகு மழை பிடித்தது. இரத்தினபுரி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புகை வழியால் வாளி வாளியாக இறங்கியது. பாயை இந்த மூலைக்கு இழுப்போம், மழை அங்கே வரும். அந்த மூலைக்கு இழுப்போம், காற்று திரும்பி அங்கேயும் வரும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் நனையாமல் ஒரு பிள்ளையைக் கிடத்த இடமில்லை. தம்பிக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருந்து கொடுத்த டாக்டர் அம்மா, "ஈரமில்லாத இடத்தில் வச்சிருங்க, மருந்தைவிட அதுதான் முக்கியம்," என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா நேராக மாஸ்டர் ஐயாவிடம் போனாள். "புள்ளைக்கு முடியலீங்க. மழ விடுற வரைக்கும் அந்த அறையத் தொறந்து விடுங்க."

"விளங்குது," என்றார் அவர். "ஆனா அது நான் குடுக்கிற சாமான் இல்லை. ரயில்வே திணைக்களத்தின்ர சாமான்."

"சும்மாதானுங்க கெடக்கு."

"சும்மா கிடக்கேல்ல. நான் வச்சிருக்கிறன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்ற பார்வை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், "அது ஃபர்ஸ்ட் கிளாஸ் புள்ள. நாம பூந்தா நாளைக்கு வேல தருவாங்களா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள் தம்பி கொஞ்சம் தேறினான். மூன்றாம் நாள் மத்தியானம் அடைமழை. அம்மா தோட்டத்திலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள். தம்பியை நான் மடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே குடையைப் பிடித்தபடி ஹாலுக்குள்ளே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள்ளே குடை! அவன் உதடு ஊதா நிறமாக இருந்தது. அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். எழும்பினாள். அம்மிக் குழவியை எடுத்தாள்.

முதல் அடிக்குப் பூட்டு நெளியவில்லை. அப்பா பிளாட்பாரத்திலிருந்து துடைப்பத்தோடு ஓடி வந்தார். "ஐயோ, அரசாங்கப் பூட்டு புள்ள!"

"அரசாங்கத்துக்கு மூச்சு இழுக்கல. எம் புள்ளைக்கு இழுக்குது."

அதற்குப் பிறகு எத்தனை அடி என்று தெரியாது. கொளுவியோடு பூட்டு பிய்ந்து தரையில் விழுந்தது. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. இத்தனை வருஷம் எண்ணெய் போட்டுத்தானே வைத்திருந்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. சுவரோரம் நீளமான தேக்கு பெஞ்ச், முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அம்மா காய்ந்த சேலை ஒன்றை மடித்து அதில் தம்பியைக் கிடத்தினாள். பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டாள். பகலில் அம்மா படுத்து அன்றுதான் பார்த்தேன்.

மாஸ்டர் ஐயா குடையோடு வந்து வாசலில் நின்றார். உடைந்த பூட்டைப் பார்த்தார். கோபத்தில் தமிழ் வரவில்லை, சிங்களத்தில் கத்தினார். அம்மா எழும்பவில்லை. தலையை மட்டும் திருப்பி, அவருக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சிங்களத்திலேயே சொன்னாள்:

"கோச்சிய எனகொட்ட கியன்ன மாத்தயா. மங் நெகிட்டின்னங்."

கோச்சி வரும்போது சொல்லுங்கள், நான் எழும்புகிறேன்.

அவர் போய்விட்டார். போலீஸைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று அப்பா நடுங்கினார். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் கையில் ஒரு துண்டோடு திரும்பி வந்தார். தம்பிக்குப் போர்த்தத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு அழுகைகூட வந்துவிட்டது. அவர் முழங்காலை ஊன்றி, நாங்கள் நடந்து வந்த ஈரத்தைத் துடைத்தார். கறுப்புக் கட்டத்தையும் வெள்ளைக் கட்டத்தையும் தனித்தனியாகத் துடைத்துவிட்டு எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கேயேதான் இருந்தோம். தம்பிக்கு இழுப்பு நின்றது. மாஸ்டர் ஐயா ஒவ்வொரு காலையும் வழக்கம்போல வந்து எங்களைச் சுற்றித் துடைப்பார். "காலை எடுங்கோ" என்பார். எடுப்போம். வேறு ஒரு பேச்சும் கிடையாது. ஒரு நாள் தம்பி அந்த மெழுகுத் தரையில் தவழ்ந்து போய் அவர் துடைக்கிற துணியைப் பிடித்து இழுத்தான். அவரும் இழுத்தார். கடைசியில் அவர் விட்டுவிட்டு வேறு துணி எடுத்துக்கொண்டார்.

அப்பா மட்டும் உள்ளே வரவில்லை. நம்புங்கள், மழை விடும் வரைக்கும் மூன்றாம் வகுப்பு ஹாலில் நனைந்த பாயில்தான் படுத்தார். சோற்றைக்கூட வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவார். "வாங்கப்பா" என்று நான் கூப்பிட்டால், "இருக்கட்டும் புள்ள, இங்க காத்து நல்லா வருது," என்பார். காற்றா வந்தது அங்கே!

எலெக்‌ஷன் முடிந்தது. ஆர்கனைசரைக் காணவில்லை. ஆனால் மழை ஓய்ந்ததும் ஒரு வேனில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். முக்காலி, கண்ணாடிக் கருவி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கம்பு. அப்பாவுக்குத் தரையில் கால் படவில்லை. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். அவர்களுக்கு இளநீர்க் குரும்பை வெட்டிக் கொடுத்தார். தண்டவாளம் கிடந்த பாதையில் பற்றையை வெட்டிக் கொடுத்தார். கம்பு பிடிக்க ஆளில்லை என்றதும் அப்பாவே பிடித்தார். நான் குரும்பைக் கோம்பைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷன் முடிகிற இடத்தில் கம்பை நட்டுக்கொண்டு அப்பா கேட்டார், கோச்சி எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று. கருவிக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். நல்ல மனிதர், கேலியாகச் சிரிக்கவில்லை.

"கோச்சி நே அய்யே. மே பாரட்ட."

கோச்சி இல்லை அண்ணே, இது ரோட்டுக்கு. கோச்சிப் பாதையை எடுத்து பஸ் போகிற ரோடாகப் போடப் போகிறார்கள். அதற்குத்தான் அளந்தார்கள்.

அப்பா கம்பைப் போட்டுவிட்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. "கொஞ்சம் வலப்பக்கம்" என்றார்கள், வலப்பக்கம் நகர்ந்தார். "நேராகப் பிடி" என்றார்கள், நேராகப் பிடித்தார். வேலை முடிந்து வேன் போகும் வரைக்கும் பிடித்தார்.

அன்று பின்நேரம் அம்மாவிடம் ஒரு வசனம்தான் சொன்னார். "லயத்துக்குப் போவோமா?" மாதக்கணக்காக எத்தனையோ சண்டைகளை மனதில் தயார் செய்து வைத்திருந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

போனபோதுதான் அடுத்தது தெரிந்தது. நாங்கள் இல்லாத நாட்களில் தோட்டத்தில் புதிதாகக் கட்டிய இரட்டை வீடுகள் கொடுப்பதற்கு லயம் லயமாகப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் காம்பரா பூட்டியிருந்தது. "இவங்க டவுன்ல குடியிருக்காங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் உண்மைதானே! எங்களுக்கு வரவேண்டிய, சிமெண்ட் தரை போட்ட அந்த வீடு பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குப் போனது. அப்பாவுக்குப் பேர் திரும்பக் கிடைக்கவில்லை, பேர் பதியாத கைக்காசு வேலைதான். நான் கல்யாணம் கட்டிப் போகும் வரைக்கும் அதே ஒழுகுகிற காம்பராதான். இதுதான் எனக்கு அந்த ஸ்டேஷன். உங்கள் இதயங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பல வருஷமாக அப்பாவிடம் நான் அதைக் கேட்காமலே இருந்தேன். கேட்டால் சண்டை வரும் என்று பயம். சண்டை முடிந்த வருஷம், நாட்டுச் சண்டையைச் சொல்கிறேன், தீபாவளிக்கு அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். அப்பா லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குப் போன வீடு எதிரே சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று தெரிந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா? அந்த ஆர்கனைசர் சொன்னத நீங்க நெசமாவே நம்புனீங்களா?"

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாதிதான் நம்புனேன்," என்றார்.

"அப்பறம் என்னாத்துக்குப் போனோம்?"

"தோட்டத்துல நான் நாலு எட்டு வச்சாலே எங்க போற, எதுக்கு நிக்கிறன்னு கேப்பாங்க புள்ள. கங்காணி கேப்பாரு, கணக்கப்புள்ள கேப்பாரு. ஸ்டேசன்ல நின்னா ஒருத்தனும் கேக்கல. ஏதோ ஊருக்குப் போக நிக்கிற ஆளு மாதிரி பாத்துட்டுப் போவாங்க. அது எனக்கு நல்லாருந்துச்சி."

அதற்காகவா ஒரு வீடு போனது? அதற்காகவா தம்பி உதடு ஊதாவானது? கத்த வேண்டும் போலிருந்தது. "எங்கயுமே போகலியேப்பா நாம!" என்றேன்.

"அது தெரியும்," என்றார் அப்பா.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அந்தப் பிரயாணியக் கையக் கழுவிட்டு வரச் சொல்லு," என்றாள் அம்மா. "சோறு ஆறுது."